கல்லுப்பு ஒத்தடம்

ஒன்பதாவது தாண்டாத நான் இன்று டெக்சாஸில் மூன்று கேஸ் ஸ்டேஷனுக்கு முதலாளி. எவன் தயவிலும் வந்தவனில்லை. ஆனாலும் மனைவி இடுப்புவலிக்குக் கல்லுப்பு வறுத்தால், அந்தச் சூட்டு வாசனை என்னை ஜெர்சி சிட்டியில் இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் பழைய குடியிருப்புக்கு இழுத்துப்போய்விடும். கீழ்வீட்டு பெத்ரோ அங்கிள் பிரேசில் கால்பந்தாட்டக்காரர். சனிக்கிழமை ஆட்டத்தில் தேறினால்தான் ஒப்பந்தம் என்ற நிலையில், வீங்கிய முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஐஸா? காலு மரத்துப் போயிடும்பா!" என்று அம்மா அதைப் பிடுங்கிப்போட்டு, வேட்டித்துணியில் சுடச்சுட உப்பைக் கட்டி, பெற்ற பிள்ளைக்குப்போல இருட்டும்வரை ஒத்தடம் கொடுத்தார். காலையில் முழங்கால் பூசணிக்காயாகியிருந்தது. ஆட்டம் போனது, ஒப்பந்தமும் போனது.

ஊருக்குக் கிளம்பியவரிடம், "வலி எப்படிப்பா?" என்றார் அம்மா.

"நல்லா இருக்கு, அம்மா," என்று எங்களிடம் கற்ற தமிழில் சொல்லி நிமிர்ந்து நடந்தவர், தெருமுனை திரும்பியதும் சுவரைப் பிடித்துக்கொண்டதை நான் மட்டும் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.