ஆவு

அந்தத் தாயின் இரண்டு கைகளிலும் பிள்ளை இருந்தது. நாற்பது வருஷம் ஆகப்போகிறது, இன்னும் என் மனம் முதலில் போய் முட்டிக்கொள்வது அங்கேதான். ஒரு கை சும்மா இருந்திருந்தால்கூட அவள் ஜாடை காட்டியிருப்பாள். ஐந்து வயதுப் பெண் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு கடலைக்காய்க் காட்டிலிருந்து ஓடி வந்தவளுக்கு வாய் மட்டும்தான் மிச்சம். "ஆவு! ஆவு கச்சுபுடுத்து!" என்று அவள் கத்தியது எங்கள் யாருக்கும் புரியவில்லை. யாருக்கும் புரியவில்லை என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுவில், காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவில் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். டாக்டர் தர்மபுரியிலிருந்து வாரம் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் நானும், கூட்டிப் பெருக்கும் ஆயாவும், மருந்து கொடுக்கும் கம்பவுண்டரும் மட்டுமே. கடலைக்காய் பிடுங்கும் பருவத்தில் எல்லைப் பக்கத்து மலையூர்களிலிருந்து கன்னடம் பேசும் குடும்பங்கள் கூலிக்கு வந்து காட்டிலேயே தங்கும். காய்ச்சல், பேதி என்று எங்களிடம் வருவார்கள். வயிற்றைத் தொட்டுக் காட்டுவார்கள், நாங்கள் மாத்திரை கொடுப்போம். அதிலேயே காலம் ஓடிக்கொண்டிருந்தது.

கம்பவுண்டர் எங்கள் பங்கின் பெருமை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவர்தான் பைபிள் வாசகம் வாசிப்பார். கோவிலில் மைக் கெட்டுப்போனாலும் கடைசி வரிசைவரை கேட்கும் குரல். அவருடைய 'ழ'வைக் கேட்பதற்காகவே பூசைக்கு வரலாம் என்று நான் கேலி செய்வேன். அந்தக் குழந்தை வந்ததற்கு முந்தின ஞாயிறு தாலந்து உவமை. எஜமான் கொடுத்த காசை மண்ணில் புதைத்துவைத்த ஊழியனைப் பற்றிப் பிரசங்கம் செய்த சாமியார், சட்டென்று கையை நீட்டினார். "நம்ம கம்பவுண்டரப் பாருங்க. ஆண்டவர் குடுத்த கொரல ஆண்டவருக்கே குடுக்கறாரு." எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கமான மனுஷன் என்று நினைத்தேன்.

ஆயாவுக்கு நாலு வார்த்தை தெலுங்கு தெரியும். அந்தத் தைரியத்தில் உடனே சொல்லிவிட்டாள். "ஆவுன்னா மாடுங்க சிஸ்டர். மாடு மிதிச்சுப்போட்டிருக்குது." குழந்தையின் கணுக்கால் வீங்கித்தான் இருந்தது. காலெல்லாம் கட்டையும் முள்ளும் கிழித்த கீறல்கள். மாடு மிதித்த கால் என்று நினைத்துப் பார்த்தால் அப்படியேதான் தெரிந்தது. வேறு மாதிரி நினைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. தாயை வெளியே நிறுத்திவிட்டு, காலைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டி, ஊசியும் போட்டேன். அவள் மருந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று அதே வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கம்பவுண்டர் மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தார். இருபது நிமிஷம் போயிருக்கும். குழந்தையின் இமைகள் சரிய ஆரம்பித்தன. அழுது களைத்துத் தூங்குகிறது என்றுகூடச் சொன்னேன், பாவி.

அப்போதுதான் கம்பவுண்டர் உள்ளே வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "மாடு இல்லீங்க சிஸ்டர். பாம்பு." சொல்லிவிட்டு வாசலுக்குத் திரும்பி, "யாவ ஆவு தாயி? எஷ்டொத்தாய்த்து?" என்று கேட்டார். எந்தப் பாம்பு, எவ்வளவு நேரமாயிற்று என்று. தடுமாறாமல், பிறந்ததிலிருந்து பேசுகிறவர் பேசுகிற மாதிரி. அந்தத் தாய் ஒரு நொடி அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். நானும் பார்த்தேன். சாமியாரின் ஜீப்பில் தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தோம். போய்ச் சேருவதற்கு முன்பே என் மடியில் குழந்தையின் மூச்சு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அவர் வாசகம் வாசிக்கவில்லை. சாமியார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. கடைசி வரிசையில் தூண் ஓரமாக உட்கார்ந்திருப்பார். எனக்கு இரக்கமே வரவில்லை. ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. மருந்துச் சீட்டை ஜன்னலில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். கண்ணெதிரே ஓர் உயிர் போகிறது, ஒற்றை வார்த்தை சொல்ல ஒரு மனுஷனால் முடியவில்லையா என்று உள்ளுக்குள் கொதித்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் மத்தியானம் தாங்க முடியாமல் ஜன்னலுக்கு முன்னால் போய் நின்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"வூட்ல நாங்க கன்னடம்தாங்க பேசுவோம். எங்கம்மா அந்த மலையூருங்க" என்றார்.

"அதைச் சொன்னா என்னங்க கொறஞ்சுபோயிடும்?"

"சிரிப்பாங்கன்னு பயந்தனுங்க. அன்னிக்கும் இதோ சொல்றேன், இதோ சொல்றேன்னு நின்னுட்டனுங்க."

"யாருங்க சிரிப்பாங்க?"

அவர் மாத்திரை டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார். "நீங்கதானுங்க சிஸ்டர். டீ குடிக்கறப்போ கூலிக்கு வர்ற அந்தப் பொம்பளைங்க மாதிரியே பேசிக் காட்டுவீங்களே. ஆயா உழுந்து உழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பனுங்க. அப்படியே எங்கம்மா பேசறாப்பல இருக்கும்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். உண்மைதான். யார் பேசினாலும் ஒரு தடவை கேட்டால் போதும், அந்த ஏற்ற இறக்கம், மூச்சு, இழுப்பு எல்லாம் என் நாக்குக்கு வந்துவிடும். அர்த்தம் தெரியாமலே அச்சாகப் பேசிக் காட்டுவேன். ஆண்டவர் கொடுத்த அந்தக் காதை நான் புதைத்துக்கூட வைக்கவில்லை. தினமும் எடுத்து நாலு பேரைச் சிரிக்க வைத்தேன். ஒரு மனுஷனின் வாயை அடைத்தேன். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் போனவள், திரும்பும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வந்தேன்.

பிறகு அவரிடமே கன்னடம் கேட்டுப் படித்தேன். எங்கே வலிக்கிறது, எப்போது சாப்பிட்டாய், என்ன கடித்தது என்பதில் தொடங்கினோம். அடுத்த பருவத்தில் வந்த பெண்கள் நான் எந்த மலையூர்க்காரி என்று கேட்டார்கள். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். அந்தப் பேச்சைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆனது இரண்டே மாதம். அந்தக் குழந்தை வருவதற்கு முன் அதே ஆஸ்பத்திரியில் நாலு வருஷம் வேலை பார்த்திருந்தேன்.