பாட்டு முடியும்வரை

எங்கள் படுக்கையறையில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு புரொஜெக்டர் குடியிருந்தது. ஏதோ ஒரு பள்ளிக்கூடம் கழித்துவிட்டதை எங்கள் தமிழ்ச் சங்கம் வாங்கி, அதை ஓட்டத் தெரிந்த ஒரே மனிதர் என்று என் கணவரிடம் ஒப்படைத்திருந்தது. எழுபதுகளின் பிற்பகுதி அது. கனடாவில், ஸ்காபரோவில் இருந்த தமிழ் வீடுகளை அப்போது ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு பாடசாலை மண்டபம் ஒன்றை எடுத்துத் தமிழ்ப் படம் போடுவோம். தொலைவில் இருந்த ஒஷாவாவிலிருந்துகூடக் குடும்பமாக வருவார்கள். என்ன படம் என்று கேட்டு வந்தவர்கள் குறைவு. தமிழ் முகங்களைப் பார்க்கத்தான் வந்தார்கள்.

அந்தக் காட்சிகளில் ஒரு வழக்கம் இருந்தது. படத்தில் கபரே நடனம் வந்தாலோ, முதலிரவு அறையின் கதவு சாத்தப்பட்டாலோ, என் கணவர் ஒரு காகித மட்டையை எடுத்து லென்ஸுக்கு முன்னால் பிடிப்பார். திரை இருண்டுவிடும். பாட்டு மட்டும் கேட்கும். பிள்ளைகள் வருகிற இடம் என்று கமிட்டி செய்த முடிவு. மட்டையைப் பிடிக்கும்போது அவரும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். எப்போது எடுப்பது என்பதைக் காதால்தான் தீர்மானிப்பார்: பாட்டு முடிந்தால் ஆபத்து முடிந்தது. மட்டை ஏறியதும் பின்வரிசையில் இருக்கும் கலியாணமாகாத பெடியன்கள் விசிலடிப்பார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிட்டதாக நினைக்குமாம். நாங்கள் மண்டபம் நிறையப் பூனைகள். எல்லோரும் சிரிப்போம், நானும் சிரித்தேன்.

அந்த நாட்களில் நான் ஒரு தொழிற்சாலையில் வாழ்த்து அட்டைகளை உறைகளோடு சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் பூமிசாஸ்திரம் படிப்பித்தவளுக்கு இங்கே கிடைத்த வேலை அது. மேசையின் மறுபக்கத்தில் இருந்தவள் அர்ஜென்டினாக்காரி, என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் இரவல் சட்டைதான். ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் வாயோயாமல் பேசினோம். பேச்சு எப்போதும் படங்களைப் பற்றியே.

எங்கள் ஆட்கள் இரண்டு நடிகர்களை வைத்துச் சண்டை பிடித்ததைப் போல, அவள் வீட்டில் இயக்குநர்களை வைத்துச் சண்டை பிடித்திருக்கிறார்கள். அவளுடைய அப்பாவுக்குப் பழைய படங்கள்தான் படம். எண்ணெய் வைத்து வாரிய தலையோடு நாயகன் தெருமூலையில் நின்று டாங்கோ பாடுவான். பாட்டு இல்லாத படத்தைத் தியேட்டர்காரன் தொடவும் மாட்டானாம். “எங்களுக்கும் அப்படித்தான்,” என்றேன். பிறகு வந்த இயக்குநர்களில் ஒருவர் பெரிய வீடுகளின் சாத்திய ஜன்னல்களுக்குள்ளே கமராவைக் கொண்டுபோய், உள்ளே புழுத்துக் கிடந்ததை எல்லாம் காட்டினார். இன்னொருவர் தூசி பறக்கும் சிற்றூருக்குப் போய், ஒருவன் ஒரு சிகரெட்டைப் புகைத்து முடிக்கும்வரை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிகரெட் காட்சி நல்லதா கெட்டதா என்று தொடங்கி, அவளுடைய மாமா அப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டாராம். எனக்கு அந்த மனிதர்களை உடனே பிடித்துவிட்டது. சினிமாவுக்காக உறவை முறிக்கிற சனம் எங்கள் சனமாகத்தானே இருக்கவேண்டும்.

அவளுக்கு எல்லோரிலும் பெரியவர் வேறொருவர். அவரிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. ஒருவன் பிரிந்து போகிற காட்சியில் போகிறவனைக் காட்டமாட்டார், நிற்கிறவள்மேல்தான் கமரா நிற்கும். மற்றது, “போதும்” என்று உரத்துச் சொல்லிவிட்டு, கமராக்காரனுக்கு மட்டும் தெரியும்படி தொடர்ந்து எடு என்று கையைக் காட்டுவார். நடிப்பு முடிந்தது என்று நினைத்த பிறகு வருகிற முகம்தான் அவருக்கு வேண்டும்.

இது அவளுக்குத் தெரிந்தது ஒரு படப்பிடிப்பில் நின்றதால். அவளுடைய தங்கைக்குப் பதினெட்டு வயதில் அந்த இயக்குநரின் படத்தில் ஒரேயொரு காட்சி கிடைத்தது. தாய் இவளைக் காவலுக்கு அனுப்பியிருந்தாள். கப்பலுக்குப் போகிற ஒருவன் வாசலில் தங்கையை முத்தமிட்டுவிட்டுப் போகிறான், அவள் நிற்கிறாள், அவ்வளவுதான். “போதும்” என்றார் இயக்குநர். உடனே தங்கை, கமராவுக்குப் பக்கத்தில் நின்ற இவளைப் பார்த்தாள்.

“அம்மாவிடம் சொல்லாதே என்று கெஞ்சுகிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் சொன்னேன்,” என்றாள்.

தாய் அதோடு தங்கையின் நடிப்பை நிறுத்திவிட்டாள். அந்தப் படத்தை வீட்டில் யாரும் போய்ப் பார்க்கவும் விடவில்லை. ஏன் சொன்னாய் என்று தங்கை ஒருநாளும் கேட்கவில்லை. வளர்ந்தாள், ஒரு பத்திரிகையில் வேலை பார்த்தாள். படைக்காரர் ஆட்சிக்கு வந்த பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்து அவளைக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. இவள் ஒற்றைப் பையோடு நாட்டைவிட்டு ஓடி வந்தபோது தங்கையின் ஒரு புகைப்படத்தைக்கூட எடுத்துவர முடியவில்லை.

“காணாமல் போய்விட்டாள்,” என்று சொன்னாள். கொண்டுபோனவர்கள் யார் என்று தெரிந்த பிறகும் ஏன் காணாமல் போனாள் என்கிறாள் என்று எனக்குள் நினைத்தேன். அந்தச் சொல் சில வருடங்களில் எங்கள் வீடுகளுக்கும் வந்தது. அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஒருநாள் வேலைக்கு வந்ததும் அவள் தன் இடத்துக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்தாள். பல்கலைக்கழக மாணவர்களின் திரைப்படக் கழகம் ஒன்று தங்கை நடித்த படத்தை மொன்றியலிலிருந்து எடுப்பித்திருந்தது. அவர்கள் காட்டி முடித்த பிறகுதான் இவளுக்குத் தெரியவந்தது, திங்கட்கிழமை திரும்பப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைக்கு இரவலாகத் தருவார்கள். புரொஜெக்டரைத்தான் தரமாட்டார்கள். “உன் கணவரிடம் கேட்பாயா? அவள் என்னைக் கெஞ்சினாளா, என்மேல் கோபப்பட்டாளா, அதை மட்டும் பார்க்கவேண்டும்.”

வீட்டுச் சுவரில் அமைதியாகப் போட்டுக் காட்டியிருக்கலாம். எனக்குத்தான் பெருமை தலைக்கேறிவிட்டது. உலகம் மெச்சுகிற ஒரு இயக்குநரின் படத்தை எங்கள் சனமும் பார்க்கட்டும் என்று, தமிழ்ப் படத்துக்கு முன்னால் போடும்படி கணவரைக் கேட்டேன்.

“கமிட்டியிலை கேப்பினம், பிள்ளையளோடை இருந்து பாக்கலாமோ எண்டு,” என்றார்.

“நல்ல படமாம். அவவின்ரை தங்கச்சியும் அதிலை நடிச்சிருக்கிறாவாம்.”

“கூடாத இடம் ஒண்டும் இல்லையோ?”

“ஒரு இடத்திலை கொஞ்சுவினமாம்,” என்றேன், கறிச்சட்டியைப் பார்த்துக்கொண்டு. முத்தம் என்பதைக் கணவரிடம் சொல்வதற்கே கூச்சம். அது தங்கையின் காட்சிதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு குடும்பத்துப் பெண்ணைப் பற்றி அப்படிச் சொல்வது மரியாதையில்லை என்று பட்டது.

“அதை நான் பாத்துக்கொள்ளுறன்,” என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. அவள் நீல உடுப்பு உடுத்து, உதட்டுக்குச் சாயம் பூசி, கலியாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கள் சனம் ரோல்ஸ் சாப்பிட்டபடி பார்த்தது. படம் மெதுவாக நகர்ந்தது. மழை நாள், துறைமுகம், ஒரு ஒடுங்கிய தெரு. டாங்கோ தொடங்கியதும் அவள் என் கையைப் பிடித்தாள். ஒரு கதவு திறந்தது. வெள்ளைச் சட்டையோடு ஒரு பெண் வாசலுக்கு வந்தாள். அவன் குனிந்தான்.

திரை இருண்டது.

பின்னாலிருந்து விசில் பறந்தது. மண்டபம் சிரித்தது. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் படத்தில் என்றால் அந்தப் பாட்டு முத்தத்தோடு முடிந்திருக்கும். இந்தப் பாட்டோ அவன் போன பிறகும், அவள் நின்ற பிறகும், முடிய மனமில்லாமல் இழுத்துக்கொண்டு போனது. என் கணவர் நியாயமான மனிதர், கடைசிச் சுரம்வரை பிடித்திருந்தார். வெளிச்சம் வந்தபோது திரையில் கடலும் ஒரு கப்பலும் தெரிந்தன.

“விளக்குப் போய்விட்டதா?” என்று கேட்டாள். என் தலை எந்தப் பக்கம் ஆடியது என்று எனக்கே தெரியாது.

“ஏன் விசிலடித்தார்கள்?”

“படம் நின்றால் அடிப்பார்கள்,” என்றேன்.

படம் முடிந்ததும், அந்தச் சுருளை மட்டும் இன்னொரு முறை போடமுடியுமா என்று கேட்டாள். நான் எழுந்து போய்ச் சங்கத் தலைவரிடம் கேட்டேன்.

“தங்கச்சி, சனம் தமிழ்ப் படத்துக்கெண்டுதான் வந்திருக்கு. இனிச் சுணங்கேலாது,” என்றார்.

“நான் காத்திருக்கிறேன்,” என்றாள் அவள். எங்கள் காரில் வந்தவள், வேறு என்ன செய்வாள்? ஒரு சொல்லும் விளங்காத தமிழ்ப் படத்தை மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தாள். பாட்டு வந்தால் எனக்காகத் தலையை ஆட்டினாள். எனக்கோ முள்ளில் இருப்பது போல இருந்தது. அந்தப் படத்தில் வில்லனின் கூடாரம் ஒன்று வரும், அங்கே ஒருத்தி ஆடுவாள் என்பதை நான் முன்பே அறிவேன்.

கூடாரம் வந்தது. திரை இருண்டது. விசில் பறந்தது.

அவள் மெல்லத் திரும்பிப் பின்னால் பார்த்தாள். புரொஜெக்டரின் வெளிச்சம் முழுவதும் மட்டையில் விழுந்து, அதைப் பிடித்திருந்த கையையும், மறுபக்கம் திரும்பியிருந்த முகத்தையும் நன்றாகக் காட்டியது. அந்த நடனம் முடியும்வரை அவள் அதையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நல்லது. எழுந்து வெளியே போனாள்.

மண்டப வாசலில் அவளிடம் சொன்னேன். விளக்குப் போகவில்லை என்றேன். கூடாத காட்சி என்று நினைத்தால் பாட்டு முடியும்வரை மறைப்பது எங்கள் வழக்கம், மறைத்தவர் என் கணவர் என்றேன். இருக்கிற ஆங்கிலம் போதாமல், இருக்கிற வெட்கம் மிஞ்சிப்போய், சொற்கள் முட்டி மோதின.

“உன் கணவராவது அவளைப் பார்த்தாரா?”

“இல்லை. மறைக்கும்போது அவரும் பார்ப்பதில்லை.”

“அப்படியென்றால் ஒருவருமே அவளைப் பார்க்கவில்லை,” என்றாள்.

சனம் கலைந்த பிறகு, சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்த கணவரிடம் முழுவதையும் சொன்னேன். கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

“நீர் ஏன் இதை முதலே சொல்லேல்லை?”

“எப்பிடிச் சொல்லுறது?”

“வாயாலைதான்,” என்றார். பிறகு குரல் இறங்கி, “அவவை வீட்டை கூட்டிக்கொண்டு வாரும். சுவரிலை போடுவம்,” என்றார்.

ஆனி மாதத்துச் சூரியன் இந்த ஊரில் இலேசில் போகாது. யன்னலில் போர்வைகளைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கினோம். அவர் அந்தச் சுருளைக் கோத்தார். வழக்கமாகப் பேச்சோடு பேச்சாகச் செய்கிற வேலை, அன்றைக்கு விரல் தடுக்கியது. அவள் சோபாவில் உட்கார மறுத்து, சுவருக்குக் கிட்டப் போய் நின்றுகொண்டாள்.

டாங்கோ தொடங்கியது. கதவு திறந்தது. அவன் முத்தமிட்டான். எங்கள் வீட்டுச் சுவரில், எங்கள் சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில், அது நடந்தது. அது ஒரு சின்ன, அவசரமான முத்தம். இதற்கா இத்தனை பாடு என்று எனக்கு இன்னும் வெட்கமாகிவிட்டது. அவன் போனான். அந்தப் பெண் கதவில் கை வைத்தபடி நின்றாள். கண்கள் அவன் போன பக்கமே இருந்தன. பிறகு, யாரோ “போதும்” என்று சொல்லியிருக்கவேண்டும், தோள் தளர்ந்தது. கண்கள் சற்றே இந்தப் பக்கம் திரும்பின. புருவம் உயர்ந்தது. உதட்டோரத்தில் சிரிப்பு வரவா விடவா என்று நின்றது. மேடையில் பாட்டைச் சொல்லி முடித்த பிள்ளை முன்வரிசையில் தன் ஆளைத் தேடுமே, அந்த முகம். அதில் பயமும் இல்லை, கோபமும் இல்லை. அந்த முகத்துக்கு முன்னால்தான் நாங்கள் மட்டையைப் பிடித்து விசிலடித்திருந்தோம்.

என் கணவர் இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. சுருள் ஓடி முடிந்ததும், “இன்னொருக்காப் போடவோ எண்டு கேளும்,” என்றார். நான் கேட்கவில்லை. அவரே சுற்றிப் போட்டார். இரண்டாம் முறையும் அவள் அசையாமல் நின்று பார்த்தாள்.

“அவள் கெஞ்சவில்லை,” என்றாள் பிறகு, எங்கள் பக்கம் திரும்பாமல். “எப்படி இருந்தது என்று என்னைக் கேட்கிறாள்.”

எனக்கு அவளுடைய முதுகைப் பார்க்கவும் துணிவில்லை. நிலத்தைப் பார்த்தபடி நின்றேன்.

“நன்றாகத்தான் நடித்திருந்தாள். அன்றைக்கே எனக்குத் தெரியும். அம்மாவிடம் அதைத் தவிர மற்றதெல்லாம் சொன்னேன்.”