பெனிசோனியின் மூன்று கணினிகள்

மூன்றாவது கணினியிலும் பார்க்காமல் பெனிசோனி எந்த இணையப் பக்கத்தையும் முடிந்ததாகச் சொல்லமாட்டார். துறைமுகத்து டிக்கெட் அலுவலகத்திலும் பள்ளிக்கூட அலுவலகத்திலும் பார்த்துவிட்டு, டோங்காவின் தலைநகரான நுகுஅலோஃபாவின் மத்தியான வெயிலில், ஊர் வழக்கப்படி இடுப்பில் கட்டிய பாய் சரியச் சரிய சைக்கிள் மிதித்து, விமானப் பயணச்சீட்டு விற்கும் மெலேயிடம் வந்து நிற்பார்.

"வந்துட்டாருய்யா இன்ஸ்பெக்டரு!" மெலே நாற்காலியை விட்டு எழுந்துகொள்வாள். "நேத்துதானே பார்த்தீங்க மாமா? அந்த எழுத்துக்குக் கால் முளைச்சு ஓடிப்போயிடுமா?"

"ஓடும்மா. நான் பார்க்காதப்பதான் ஓடும்."

திரையில் விரல் வைத்து, ஒவ்வொரு பெயராக எண்ணுவார்.

வயது ஐம்பத்திரண்டு. தேவாலயங்களுக்கும் ரக்பி சங்கங்களுக்கும் சாவு வீடுகளுக்கும் இணையப் பக்கம் செய்துகொடுப்பது பிழைப்பு. வீட்டிலிருப்பது லினக்ஸ் ஓடும் பழைய மடிக்கணினி. டோங்க மொழியின் மேற்கோடும் தலைகீழ்க் காற்புள்ளியும் அழகாக விழும் எழுத்துருக்களாகத் தேடித் தேடி அதில் சேர்த்திருக்கிறார். முன்பெல்லாம் யாராவது பக்கம் கோணலாகத் தெரிகிறது என்றால், "என் மெஷின்ல நல்லாத்தான் இருக்கு. உங்க விண்டோஸைத் தூக்கிக் கடல்ல போடுங்க" என்பார். கூடியிருப்பவர்கள் சிரிப்பார்கள். அப்படிச் சொல்வதை விட்டு இரண்டு வருஷமாகிறது.

அப்போதுதான் பக்கத்துத் தெரு மானாசே இறந்தார். துக்கச் செய்தியை வெளிநாட்டு உறவுகள் பார்க்க ஒரு பக்கம் வேண்டுமென்று அவர் மனைவி லவினியா வந்தாள். டோங்க வழக்கப்படி சவத்தின் தலைமாட்டில் உட்கார வேண்டியவர் மானாசேயின் மூத்த அக்கா இலைசானே. அவர் இருந்தது ஆக்லாந்தில். நிலத் தகராறில் அக்காவுக்கும் தம்பிக்கும் ஆறு வருஷமாகப் பேச்சில்லை.

"அண்ணி பேரைக் கடைசியில தனி வரியாப் போடுங்க," என்றாள் லவினியா. "தலைமாடு அவங்களுக்குத்தான்னு ஊரே பார்க்கட்டும். அதைப் பார்த்தா மனசு இறங்கி வந்துடுவாங்க."

இலைசானே வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. தலைமாட்டில் விரித்த பாய் கடைசிவரை காலியாகவே கிடந்தது. "கூடப் பிறந்தவ மனசு இப்படியா கல்லாப் போகும்?" என்று பேசியவர்களில் பெனிசோனியும் இருந்தார். கொஞ்சம் உரக்கவே பேசினார்.

மூன்று மாதம் கழித்து இலைசானே வந்தார். தம்பியின் கல்லறைக்குப் போய்விட்டு, லவினியாவோடு நேரே பெனிசோனியின் வீட்டுக்குள் நுழைந்து பாயில் உட்கார்ந்தார்.

"நீதானே செஞ்சே தம்பி? என் பேரை யாரு எடுக்கச் சொன்னா?"

"யாரும் எடுக்கலையே அக்கா. தனி வரியாப் போட்டேனே."

"எங்கே, காட்டு."

கைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து விரித்தார். மகளின் அலுவலகத்து விண்டோஸ் கணினியில் அச்செடுத்தது. பெனிசோனியின் ஒல்லியான எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை. பக்கம் எழுத்துருவின் பெயரை மட்டும்தான் சொல்லும். அது இல்லாத இடத்தில் கணினி தன்னிடம் இருக்கிற வேறொன்றைப் போட்டுக்கொள்ளும். அங்கே போட்டுக்கொண்டது அகலமான ஒன்று. நீளப் பெயர்களெல்லாம் இரண்டிரண்டு வரியாக மடிந்து கீழே இறங்க, கடைசி வரி தேவாலயப் படத்துக்கு அடியில் மறைந்துவிட்டது.

எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்ப பெனிசோனிக்குத் தெரியும். அரைமணி வேலை. செய்யவில்லை. வேறொரு கணினியில் ஒருமுறை திறந்தாவது பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

லவினியா காகிதத்தைப் பார்த்தாள். பிறகு பெனிசோனியைப் பார்த்தாள். "என் தம்பி முகத்தைக்கூடப் பார்க்க விடாமப் பண்ணிட்டீங்களேன்னு இவளை மனசுக்குள்ள எத்தனை நாள் திட்டினேன்," என்றார் இலைசானே, குரலை உயர்த்தாமல்.

பெனிசோனிக்குக் காது மடல்வரை எரிந்தது. குனிந்த தலையை நிமிர்த்தாமல், அச்சாகியிருந்த தேவாலயப் படத்தின் மேல் கட்டைவிரலை ஊன்றி, அதைக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தார்.