ஆடியில் நிறைந்த வீடு

1. நாள் எண்ணியதில் வந்த குழப்பம்

வேன் வந்து நின்றபோது பாப்பாவுக்குப் பருப்புச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். காலையில் விடைபெற்றுப் போன ஈஸ்வரி அக்கா இறங்கினார். பக்கத்து வீட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, நாங்க இருக்கற ஊட்டுல ஆரு லைட்டுப் போட்டிருக்கறது?"

அந்த வீட்டில் அப்போது சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. நாள் வாடகை வீடுகளைக் காட்டும் ஆப் வழியாக எனக்குக் கிடைத்த முதல் புக்கிங் அது.

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாமக்கல்லிலிருந்து எருமப்பட்டி போகும் வழியில், எங்கள் வீட்டை ஒட்டியே இருக்கிறது. கொழுந்தனாருக்காகக் கட்டியது. அவர் புனேயில் தங்கிவிட்டதால் பூட்டிக் கிடந்தது. எம்.காம் படித்துவிட்டு, கைக்குழந்தையோடு வெளி வேலைக்குப் போக முடியாமல் இருந்த நான், அதை நாள் வாடகைக்கு விடலாம் என்றேன். அத்தைக்குப் பிடிக்கவில்லை. "ஊரு பேரு தெரியாதவங்களுக்குத் தெனம் ஒரு படுக்கை விரிக்கறதா?" என்றார். போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் ஒருவர் ஆபீசுக்கும் பைப் அடுக்கவும் அந்த வீட்டைக் கேட்டிருந்தார். ஆனால் ஆடி மாதத்தில் யாரும் புது இடத்தில் பால் காய்ச்ச மாட்டார்கள். "ஆவணி பொறந்ததும் வாரேனுங்க" என்று சொல்லிப் போயிருந்தார். அந்த ஒரு ஆடிதான் எனக்குக் கிடைத்த அவகாசம். அதற்குள் வீடு ஓடாவிட்டால் சாவி ரிக்காரர் கைக்குப் போய்விடும்.

ஈஸ்வரி அக்கா வெள்ளகோவில் பக்கம். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டிப் பொங்கல் வைக்கக் குடும்பத்தோடு வந்திருந்தார். "சனி, ஞாயிறு ரெண்டு நாளைக்கு வேணுமுங்க" என்று போனில் கேட்டார். சனிக்கிழமை செக்-இன், ஞாயிற்றுக்கிழமை செக்-அவுட் என்று நான் கணக்குப் போட்டேன். ஞாயிறு காலையில் பாத்திரம், அரிசி, பை எல்லாவற்றையும் வேனில் ஏற்றினார்கள். வீட்டைக் கூட்டிவிட்டு, சாவியை என் கையில் கொடுத்து, "போயிட்டு வாரோமுங்க" என்றார் அக்கா.

நம் ஊரில் யார்தான் "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்? ஒரேயடியாகப் போகிறவர்களும் "போயிட்டு வாரேன்" என்றுதானே சொல்கிறோம். மாடிக் கொடியில் நான்கு துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, கூரியரில் அனுப்ப மடித்து வைத்தேன். அப்போதாவது ஒரு போன் செய்து கேட்டிருந்தால், கோயிலுக்குத்தான் போயிருக்கிறார்கள், இரவு திரும்பி வருவார்கள் என்று தெரிந்திருக்கும்.

2. வாசலில் நின்றவர்கள்

பேச்சுச் சத்தம் கேட்டுச் சென்னைக்காரர் வெளியே வந்தார்.

"என்ன மேடம், டபுள் புக்கிங்கா? பசங்க இப்பதான் தூங்குறாங்க. எங்களைக் காலி பண்ணச் சொன்னீங்கன்னா நான் ரிவ்யூல எழுதிடுவேன்."

முதல் ரிவ்யூவே அப்படி வந்தால் அடுத்து யார் வருவார்கள்? இந்தப் பக்கம் அக்காவோடு பெரியவர்கள் ஆறு பேர், தூக்கத்தில் தலை தொங்கும் மூன்று குழந்தைகள். லாரி பாடி கட்டும் பட்டறையில் இருந்த என் கணவருக்குப் போன் செய்தேன். வெல்டிங் சத்தத்துக்கு நடுவில், "நீயே பாத்து முடிவு பண்ணு" என்று வைத்துவிட்டார். அது என்மேல் இருந்த நம்பிக்கையா, கைகழுவலா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

வேறு வழி தோன்றவில்லை. "அக்கா, தப்பு எம்மேலதானுங்க. நீங்க எங்க ஊட்டுல படுத்துக்கங்க" என்றேன். சொன்ன பிறகுதான் பின்னால் அத்தை நிற்பதைக் கவனித்தேன்.

அத்தை என்னைப் பார்க்கவே இல்லை. நேராக வேனுக்குப் போய், உறங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "புள்ளைகள வெச்சுக்கிட்டு வாசல்லயே நிக்கறதா? உள்ள வாங்க. எம் மருமவ எம்.காமு படிச்சிருக்கா, சனியும் ஞாயிறும் ரெண்டு நாளுன்னு எண்ணத்தான் இன்னும் சொல்லித் தரலையாட்ட இருக்குது."

ஈஸ்வரி அக்கா சிரித்துவிட்டார். "அட உடுங்கக்கா, அவுங்க பகல எண்ணிருக்காங்க, நாங்க ராத்திரிய எண்ணிப்போட்டோம்."

இரண்டு படுக்கையறைகளையும் ஹாலையும் அவர்களுக்கு விட்டோம். எங்களுக்குச் சாமான் அறை. பாத்ரூம் சுத்தமாக இருக்கிறதா, கொசுவர்த்தி போதுமா, பாப்பா அழுது அவர்களை எழுப்பிவிடுவாளோ என்று எனக்குக் கவலை ஓயவில்லை. அவர்களோ கோயிலில் மிஞ்சிய கறிக்குழம்பைச் சூடு பண்ணி, எங்கள் அடுப்பில் எங்களுக்கே பரிமாறினார்கள். மணம் பிடித்துச் சென்னைக்காரரின் மனைவி வந்தார். அவருக்கும் இலை போட்டார் அத்தை. கொஞ்ச நேரத்தில் சென்னைக்காரரே, "ஒரு கிண்ணம் கிடைக்குமாங்க?" என்று கேட்டு வந்து நின்றார். ரிவ்யூவைப் பற்றிப் பிறகு அவர் பேசவில்லை. ஊருக்குப் போய் நல்ல விதமாகவே எழுதினார்.

3. அக்கா சொன்னது

மறுநாள் காலையில், குழந்தைகளுக்குத் தலை சீவிக்கொண்டே ஈஸ்வரி அக்கா சொன்னதுதான் என் தொழிலை மாற்றியது.

"எங்க பங்காளிக கோயமுத்தூரு, பெங்களூருன்னு எங்கெங்கயோ இருக்கறாங்க. கோயிலுக்கு வந்தா அத்தன பேரும் மண்டபத்துலதான் கெடக்கோணும். பொண்டு புள்ளைக குளிக்கறதுக்கு, சீலை மாத்தறதுக்கு ஒரு மறைவு கெடையாது. இப்படி ஒரு ஊடு இருக்குதுன்னு ஆருக்குச் சாமி தெரியும்?"

அதுவரை நான் ஆப்பில் கொல்லிமலைப் படங்களைப் போட்டு, அருவி பார்க்க வருகிறவர்களுக்காகக் காத்திருந்தேன். மலைக்கு வருகிறவர்கள் மலைமேலேயே தங்கிக்கொள்வார்கள். குலதெய்வத்துக்கு வருகிறவர்கள் என் வாசல் வழியாகவே போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள். நான்தான் பார்க்கவில்லை.

அந்த வாரமே அருவிப் படங்களை எடுத்துவிட்டேன். பின்பக்கம் ஷீட் போட்டு இரண்டு பெரிய அடுப்பு, பொங்கல் பானை, அண்டா, பாய், பெண்களுக்குத் தனியாக ஒரு குளியலறை. அக்கா தன் பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் என் நம்பரைப் போட்டார். போன் அடிக்கத் தொடங்கியது. "எத்தனை நாள்?" என்று இப்போது கேட்பதில்லை, "எத்தனை ராத்திரி படுப்பீங்க?" என்று கேட்கிறேன். கிளம்புகிறவர்களிடம் "போறீங்களா?" என்று கேட்க நாக்கு வராது. அதனால், "சாவி உங்ககிட்டயே இருக்கட்டுமாங்க?" என்பேன். சாவியைக் கொடுத்துவிட்டால் செக்-அவுட். வைத்துக்கொண்டால் திரும்ப வருவார்கள்.

ஆடியின் மிச்ச வாரங்கள் நிரம்பின. ஆவணியில் காதுகுத்து, மொட்டை என்று முகூர்த்த நாளெல்லாம் முன்கூட்டியே போய்விட்டது. அக்காவின் பேரனுக்குக் காது குத்தியதும் எங்கள் வீட்டில் தங்கித்தான்.

சொன்னபடியே ஆவணி பிறந்ததும் ரிக்காரர் வந்தார். நான் பாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். என்ன பதில் சொல்வது என்று யோசித்துத் துண்டைத் தேடுவதற்குள் அத்தை வாசல் கேட்டுக்குப் போய்விட்டார்.

"ஊடு காலியில்லீங்க தம்பி."

"கொஞ்ச நாளு பொறுத்து வரட்டுங்களா?"

"வேற எடம் பாத்துக்கங்க. அது எம் மருமவ தொழில் பண்ற எடம்."

தொழில் தொடங்க நினைக்கிற தங்கைகளுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். யார் வர வேண்டும் என்று ஆசைப்பட்டுப் படம் மாட்டாதீர்கள். உங்கள் ஊருக்கு ஏற்கெனவே வந்து, இடமில்லாமல் நிற்பது யார் என்று பாருங்கள். பயம் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். இந்தத் தை மாதம் எதிர் வீட்டையும் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். கையெழுத்துப் போடும்போதும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் போட்டேன்.