இரண்டு கேன் தண்ணீர்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருநூறு அடி நடந்தால் கடல். அப்படியிருக்க, ஹோலுக்குள் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி வைத்துக் கடல்மீன் வளர்க்கப்போகிறேன் என்றதும் வாப்பா சிரித்தார்.

"கடல் பத்தாதெண்டு ஊட்டுக்குள்ளயும் ஒண்டா?"

மறுநாள் காலையில் அவரே கடல் தண்ணீர் அள்ளிவந்து வைத்தார்.

கல்லையும் மணலையும் போட்டுத் தண்ணீர் பக்குவப்பட ஏழு கிழமை காத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். புத்தகத்தில் உள்ளபடி செய்யும் பொறுமை எனக்கு உண்டு. அதன் பிறகே இரண்டு கோமாளி மீன்களை விட்டேன். கடைசியாகக் கொழும்பிலிருந்து ஒரு மென்பவளம் வந்தது. உள்ளங்கை அளவு. விளக்கைப் போட்டால் விரல் விரலாக விரியும்.

வெக்கையில் தொட்டித் தண்ணீர் தினமும் வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நின்றுவிடும். ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். கடல் தண்ணீர், கிழமைக்கொருமுறை பழையதை இறைத்துவிட்டு மாற்றுவதற்கு. இரண்டுக்கும் ஒரே மாதிரி வெள்ளைக் கேன்கள்.

நோன்பு மாதத்தில் பத்து நாள் பயிற்சிக்கு நான் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது.

"உம்மா, குறைஞ்சா நல்ல தண்ணி ஊத்துங்க. கேன்ல எழுதி ஒட்டியிருக்கன்."

"ஓம்" என்றார் உம்மா.

திரும்பி வந்தபோது பவளம் சுருங்கி, அடிப்பக்கம் சாம்பல் பூத்திருந்தது. உப்பை அளந்தேன். முப்பத்தைந்து இருக்க வேண்டியது நாற்பத்தொன்று. கடல் தண்ணீர்க் கேன் காலியாகக் கிடந்தது.

"எழுதித்தானே வெச்சிருந்தன்!"

"எழுதினாய். எனக்கு வாசிக்கத் தெரியுமா?"

உம்மாவே தொடர்ந்தார். "நாக்குல வெச்சுப் பாத்திருப்பன். நோன்போட ஏலுமா? இதுதான் நல்ல தண்ணியெண்டு நினைச்சு ஊத்தின."

"பக்கத்து வீட்டுல கேட்டிருக்கலாமே?"

"என்ட மகள் எழுதினத்த வாசிச்சுத்தரச் சொல்லி ஊராரக் கூப்பிடச் சொல்றியா?"

உப்பை ஒரேயடியாக இறக்கினால் மீனும் சாகும். ஒரு கிழமையாகத் தினமும் கொஞ்சம் இறைத்து, அந்த அளவுக்கு நல்ல தண்ணீர் விட்டேன். மீன்கள் தாங்கின. பவளத்தின் சாம்பல் பூத்த பாதியை வெட்டி எறிந்தேன். மீதிப் பாதி எட்டாம் நாள் விளக்குக்குக் கீழே நான்கு விரல் விரித்தது. உம்மாதான் முதலில் கண்டார்.

"புள்ள, இங்க வா. முழிச்சிட்டுது."

அன்று பின்னேரம் கேன்களில் இருந்த கடதாசியைக் கிழிக்கப் போனேன். உம்மா கையைத் தட்டிவிட்டார்.

"அது கிடக்கட்டும்."

பழைய சீத்தைத் துணியில் ஒரு கீலம் கிழித்து, கடல் தண்ணீர்க் கேனின் பிடியில் இறுக்கிக் கட்டினார்.