கஞ்சாவாக இருக்கலாம் என்றேன்

மூளை அழன்றுகொண்டிருந்த ஒரு பெண்ணை, அது என்ன நோய் என்று தெரிந்தே, கஞ்சாக்காரி ஆக்கியவள் நான். முழுப் பொய்கூடச் சொல்லவில்லை. "இருக்கலாம்" என்றேன். அவ்வளவே போதுமானதாக இருந்தது.

நேரில் கண்டால் நீங்கள் என்னை மதித்திருப்பீர்கள். மலேசியாவில், காம்பார் நகரில், ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். ஈப்போவில் சொந்த வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்தவரின் வழித்தோன்றல். அந்தப் பெருமையைப் பேசாமல் எங்கள் வீட்டில் ஒரு விருந்தும் முடிந்ததில்லை.

என் ஆய்வு எதைப் பற்றி என்று சொன்னால் நீங்களும் அருவருப்பீர்கள். நம் மூளை தன் தேவைக்குத் தானே கஞ்சாவை ஒத்த ஒரு பொருளைச் சுரக்கிறது. எண்டோகன்னாபினாய்டு என்று அதற்குப் பெயர். மூளையின் காவல் உயிரணுக்கள் வெறிகொண்டு அழற்சியைக் கிளப்பும்போது, அழும் பிள்ளையின் முதுகில் வைத்த கைபோல, இந்தப் பொருள் அவற்றை அமைதிப்படுத்துகிறது. பிறகு ஒரு நொதி வந்து அதை உடைத்துவிடுகிறது. உடைந்த துண்டிலிருந்தே அழற்சியைத் தூண்டும் வேறு பொருள்கள் பிறக்கின்றன... தணிக்க வந்ததே எரிபொருளாகிறது! அந்த நொதியைத் தடுத்து நிறுத்தினால் அழற்சி அடங்குமா என்று எலிகளிடம் தேடுவதுதான் என் பிழைப்பு. இதற்காக வீட்டில் எனக்குக் 'கஞ்சா டீச்சர்' என்று பெயர். தம்பி குகன் வைத்தது.

குகன் மணக்கவிருந்தவள் மலர். பீடோர்ப் பக்கம், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடத்துப் பெண். பெற்றோர் பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுத்தவர்கள். தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியதும் அப்பா ராமையா லாரி ஓட்டப் போனார். மலர் ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில் வேலை பார்த்தாள்.

எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்கிறீர்களா? அவள் பேச்சில் வாக்கியத்துக்கு வாக்கியம் உள்ளூர் 'லா' ஒட்டிக்கொண்டே இருக்கும். சிரித்தால் பக்கத்தில் இருப்பவரின் தோளில் தட்டுவாள். இவையெல்லாம் சாக்கு. தோட்டத்துப் பெண் ஒருத்தி எங்கள் சாப்பாட்டு மேசையில் மருமகளாக அமர்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சீ... இதை எழுதும்போதே வாய் கசக்கிறது.

நிச்சயத்துக்கு நாள் குறித்திருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மலர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். அதற்கு முன் சில நாள் காய்ச்சலும் தலைவலியும் இருந்ததாம். வந்தவள் கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டாள். காரணமில்லாமல் சிரித்தாள், அந்தச் சிரிப்பு முடியுமுன் அழுதாள். பிறகு அவள் வாய்... உள்ளே ஒன்றுமில்லை, ஆனால் மென்றுகொண்டே இருந்தது. உதடுகள் கோணின. நாக்கு வெளியே வந்து வந்து போயிற்று.

அந்த வாயசைவைப் பார்த்த கணமே எனக்கு விளங்கிவிட்டது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் அழற்சி! இளம் பெண்களுக்கு வருவது, சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் மீட்கக்கூடியது. நான் மருத்துவர் இல்லைதான். ஆனால் "உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்" என்று சொல்வதற்கு என் படிப்புத் தாராளமாகப் போதும்.

சமையலறையில் அம்மா என்னை மடக்கினார்.

"நீ படிச்சனீ, சொல்லு பிள்ளை. உவள் கஞ்சா ஏதும் பாவிக்கிறாளோ?"

வாசலில் குகன் நின்றிருந்தான். அவன் முகத்தில் அச்சம். அக்கா 'இல்லை' என்று சொல்லிவிட மாட்டாளா என்ற கெஞ்சல் அவன் கண்களில் இருந்தது. அந்த வீட்டில் கஞ்சாவைப் பற்றி என் சொல்லுக்கு மேல் சொல் ஏது?

"இருக்கலாம், அம்மா."

சொன்னபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி! ஆம், நிம்மதிதான். கிண்ணத்தில் மிச்சமிருந்த பாயசத்தைப் போய்க் குடித்து முடித்தேன்.

அந்த வாரமே வகுப்பில் மூளை அழற்சி பற்றிப் பாடம் எடுத்தேன். இளையோர் திடீரென்று மனம் குழம்பி நடந்தால் போதை என்று அவசரமாக முடிவுகட்டாதீர்கள் என்று மாணவர்களுக்கு அறிவுரை சொன்னேன். படிப்பது இராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். என் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

குகன் தொலைபேசியிலேயே திருமணத்தை நிறுத்தினான். காரணத்தையும், அதைச் சொன்னது அக்காதான் என்பதையும் ராமையாவிடம் சொல்லிவிட்டான். மறுநாளே அவர் என் வீட்டுக்கு வந்தார். எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை.

"கல்யாணம் போனா போவுது மேடம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா யூரின் டெஸ்ட் எடுப்பாங்க லா. கஞ்சான்னு வந்துட்டா, போலிஸ் வந்து புள்ளயப் பிடிச்சிட்டுப் போயிருவாங்களா?"

இந்த நாட்டில் கஞ்சா வழக்கென்றால் என்ன ஆகும் என்று லாரி ஓட்டுபவருக்குத் தெரியாதா? சிறை. ஆண்பிள்ளையானால் ரோத்தான் பிரம்படியும் சேரும். மகளைக் காப்பாற்றுவதற்காகத்தான் அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்தார்... என் சொல்லை நம்பி!

இரண்டாம் முறையாக வாய்ப்பு என் வாசற்படியில் வந்து நின்றது. இது கஞ்சா இல்லை, நோய், உடனே கொண்டு போங்கள் என்றால் முடிந்தது. ஆனால் அவரிடம் சொன்னால் குகனுக்கும் தெரிந்துவிடும். நின்ற திருமணம் மறுபடி நடக்கும். நான் அதைத்தான் யோசித்தேன். ஒரு பெண்ணின் மூளை வெந்துகொண்டிருக்கும்போது நான் கல்யாணக் கணக்குப் பார்த்தேன்!

"கொஞ்ச நாள் வீட்லயே வச்சிப் பாருங்க, அண்ணே. தானா தெளிஞ்சிரும்."

அதுவரை அவரை நான் அண்ணே என்று அழைத்ததில்லை. அந்த ஒரு சொல்லுக்கே அவர் கண் கலங்கிக் கும்பிட்டார். என் கையால் தேநீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அவளை அறையில் வைத்துப் பூட்டினார்கள். மந்திரித்த கயிறு கட்டினார்கள். வலிப்பு வந்து, அது நிற்காமல் போனபோதுதான், போலிஸ் வந்தாலும் வரட்டும் என்று மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே நோயை அடையாளம் கண்டார்கள். பிழைத்துக்கொண்டாள். பிழைத்தாள் என்றா சொன்னேன்? பேசும்போது சொற்கள் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. பழகியவர் பெயர்கூட நினைவில் தங்குவதில்லை. கிளினிக் வேலை போயிற்று.

சோதனையில் கஞ்சா இல்லை. ராமையா அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். வீட்டில் வைத்திருந்த நாள்களில் உடம்பிலிருந்து கழிந்துபோயிருக்குமாம். மருத்துவர்கள் எவ்வளவு சொல்லியும், மூளை வீங்கியதே கஞ்சாவால்தான் என்று அவர் இன்றும் நம்புகிறார். மேடம் அன்றே சொன்னார்களே! மேடம் சொன்ன யோசனையால்தான் மகள் சிறைக்குப் போகாமல் தப்பினாள் என்று ஊரெல்லாம் சொல்கிறார்.

குகன் கோலாலம்பூரில் வேறு பெண்ணை மணந்துகொண்டான். நான் எலிகளோடு இருக்கிறேன். என் கட்டுரைகளைப் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டுகளைப் படிக்கும்போதெல்லாம் அழுகல் நாற்றம் ஒன்று எழுகிறது. அறையில் ஒன்றுமில்லை. என்னிடமிருந்துதான்.

இந்தத் தீபாவளிக்கு முன் ராமையா ஒரு பை நிறையக் கொய்யாப்பழத்தோடு வந்தார். கூட மலரும் வந்தாள். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தப் போன நேரத்தில், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடிப் பேசினாள்.

"அக்கா... எனக்கு அந்த நாளெல்லாம் ஞாபகமே இல்ல. எப்ப கஞ்சா எடுத்தேன், யாரு குடுத்தாங்க... ஒன்னும் தெரியல. அப்பா சொல்லித்தான் தெரியும். உங்க குடும்பத்துக்கு அசிங்கம் பண்ணிட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

உண்மை தொண்டைவரை வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். வெளியே ராமையா வண்டிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"பரவால்ல மலர்" என்றேன்.

அவள் தலையைத் தடவிக்கொடுத்து, அவளை மன்னித்தேன்.