ஆளில்லாத வகுப்பறை

கட்டட வரைபடக்காரிக்குத் தன் கணக்கின் மேல் அசாத்திய நம்பிக்கை. ஒரு கல் வைப்பதற்கு முன்பே முழுக் கட்டடத்தையும் கணினிக்குள் கட்டிவிடுவாள். அவளுடைய மாடலில் சுவர் வெறும் கோடு அல்ல. அதன் கனம், செங்கல்லின் வகை, பூச்சு எல்லாம் அதற்குள்ளேயே பதிவாகியிருக்கும். பிறகு ஒரு வருடத்து வெயிலை அதன் மேல் ஓடவிட்டு, எந்த அறை எந்த மணிக்கு எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவாள். தன் வாடகை வீட்டுச் சமையலறையின் சூட்டைக்கூடப் பிசகாமல் சொல்வாள். குறைக்கத்தான் வீட்டு ஓனர் விடமாட்டார்.

அவள் தனியாகச் செய்த முதல் வேலை, ஏசி வாங்க வசதியில்லாத ஒரு பள்ளிக்கூடம். "உச்சி வெயில்லகூட இருபத்தேழு டிகிரி தாண்டாது மேடம்" என்று தலைமையாசிரியையிடம் அடித்துச் சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை சுவர் எழும்பப் போகிறது.

ஞாயிறு காலை, பஸ் கண்டக்டரான அவள் கணவர் காபியோடு வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"பெஞ்சு இருக்கு, போர்டு இருக்கு. பசங்க எங்க?"

"இது வெப்பக் கணக்குங்க. பொம்மை வீடு இல்ல."

"அதத்தான் சொல்றேன். டெப்போவுல கிளம்பறப்ப என் பஸ்ஸும் ஜிலுஜிலுன்னுதான் இருக்கும். ரெண்டு ஸ்டாப் தாண்டட்டும், அப்புறம் பாரு."

இந்த மனுஷனுக்கு என்ன தெரியும் என்று முணுமுணுத்தபடி, கணக்கில் சேர்த்தவற்றின் பட்டியலைத் திறந்தாள். ஓர் அறைக்கு ஆட்கள்: பூஜ்யம். கதவுக் கீலைக்கூட விடாமல் போட்டவள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மறந்திருக்கிறாள். இவளை என்ன சொல்ல! அறைக்கு நாற்பது பேரைப் போட்டு மறுபடி ஓட்டினாள். முப்பத்துமூன்று. எதிரெதிர்ச் சுவர்களில் உயரத்தில் ஜன்னல் வைத்துப் பார்த்தாள். இருபத்தொன்பதுக்கு இறங்கியது.

உடனே தலைமையாசிரியை வீட்டுக்கு ஓடினாள். முதல் வேலையே கையைவிட்டுப் போய்விடும் போலிருந்தது.

"மேடம், நான் சொன்ன இருபத்தேழு... பசங்களே இல்லாத ஸ்கூலுக்கு."

"லீவு நாள்ல நல்லா இருக்கும்னு சொல்றீங்க."

"மன்னிச்சிடுங்க மேடம். மேல ஜன்னல் வச்சா இருபத்தொன்பதுல நிக்கும். இன்னைக்கே படத்த மாத்திடறேன்."

தலைமையாசிரியை திட்டவில்லை. எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கிளாஸுக்கு எத்தன பேர் போட்டீங்க?"

"நீங்க குடுத்த கணக்குதான் மேடம். நாப்பது."

"அது மேலிடத்துக்கு அனுப்பற கணக்கும்மா. நாப்பதத் தாண்டக் கூடாதுன்னு ரூல்." குரலைத் தாழ்த்தினார். "அம்பத்தஞ்சு போடுங்க."